அவையாகிய ஆலயம்

இலண்டன் மாநகரில், தேம்சு ஆற்றங்கரையில் நிற்கும் நாடாளுமன்ற மாளிகையினுள் ‘புனித ஸ்டீபன் மண்டபம்’ என்னும் நீண்ட மண்டபம் ஒன்று உண்டு. இருமருங்கும் பழைய அரசியல் அறிஞர்தம் சிலைகள். மேலே உயர்ந்த கவிகைக் கூரை. பார்வையாளர் பலர் அதனை ஒரு நடைவழியாகவே எண்ணிக் கடந்து செல்வர். தரையில் சில பித்தளைக் குமிழ்கள் பதிக்கப்பட்டிருப்பதை எவரேனும் சுட்டிக் காட்டினாலன்றி அவர்கள் நோக்குவதில்லை. சபாநாயகரின் நாற்காலி ஒரு காலத்தில் எங்கே இருந்தது என்பதை அக்குமிழ்கள் குறிக்கின்றன. நாற்காலி வருவதற்கு முன் அவ்விடத்தை ஒட்டி நின்றது ஒரு பலிபீடம். பலிபீடமும் இன்று இல்லை, நாற்காலியும் இல்லை, அவற்றைத் தாங்கிய கட்டடமும் இல்லை. இல்லாத அக்கட்டடத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது.

முதலில் பெயரைக் காண்போம். ஸ்டீபன் என்பவர் கிறித்தவ சமயத்திற்காக முதன்முதலில் உயிர் நீத்தவர் எனப் போற்றப்படுபவர். தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவர் இவரை ஸ்தேவான் என்பர். கத்தோலிக்கரோ முடியப்பர் என்பர். ‘ஸ்டெஃபனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு முடி, மகுடம் என்பது பொருள். அதனை அப்படியே தமிழாக்கி ‘அப்பர்’ என்னும் மதிப்பொட்டுச் சேர்த்தவர்கள் நம் நாட்டுப் பழைய கத்தோலிக்கப் பெரியோர். பவுல் சின்னப்பர் ஆனதும், யோவான் அருளப்பர் ஆனதும் இம்முறையிலேதான். பெயர்ச்சொல்லையும் பொருளறிந்து மொழிபெயர்த்த அவர்களின் துணிவு தமிழ் மாணவர் கருதத்தக்கது. எனவே இக்கட்டடத்தை முடியப்பர் சிற்றாலயம் என்றே வழங்குவோம். அரசர்கள் தமக்கென எடுப்பித்த ஆலயத்திற்கு அப்பெயர் பொருந்தியும் வருகின்றது.

வெஸ்ட்மின்ஸ்டர் அன்று அரசரின் அரண்மனையாக இருந்தது. அரண்மனைக்குள் அரசகுடும்பம் தொழுவதற்கென முன்பே ஓர் ஆலயம் இருந்தது. அதனைப் புதுக்கிக் கட்டும் பணியை 1292-இல் முதலாம் எட்வர்டு மன்னர் தொடங்கினார். அவர் கண்முன் நின்ற எடுத்துக்காட்டு, பாரிசு நகரில் ஒன்பதாம் லூயி எழுப்பி, 1248-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற ‘சேந்த் ஷப்பேல்’ என்னும் ஆலயம். (சிலுவைப்போர் நடத்தி எகிப்துக்குச் சென்று, 1250-இல் அங்கே சிறைப்பட்ட லூயி இவரே.) பாரிசில் உள்ளதைப் போலவே இங்கும் இரண்டு தளங்கள்: கீழே அரண்மனைப் பணியாளர்க்கான தாழ்ந்த ஆலயம், மேலே அரசர்க்குரிய ஓங்கிய ஆலயம். மேல்தளம் ஏறத்தாழ 90 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்டது. பரப்பில் பெரிதன்று, உயரத்தாலும் அணியாலும் பெருமை பெற்றது. கான்டர்பரி ஊரைச் சார்ந்த மைக்கேல் என்னும் தலைமைக் கொத்தர் இதனை வகுத்தார்.

போர்ச்செலவு மிகுந்தபோதெல்லாம் கட்டடப்பணி நின்றது. மகன் காலத்தில் மீண்டும் தொடங்கிப் பேரன் மூன்றாம் எட்வர்டு காலத்தில்தான் முற்றுப் பெற்றது. 1348-இல் அவ்வரசர் ஆலயத்திற்கென ஒரு குருமார் கழகத்தை நிறுவினார்: தலைமைக் குரு ஒருவர், அவருடன் பன்னிரு குருமார், அவர்தம் துணைவர். கொள்ளைநோய் இங்கிலாந்தில் கால்வைத்த ஆண்டும் அதுவே. ஆலயப்பணியில் ஈடுபட்டிருந்த வில்லியம் ராம்சி என்னும் புகழ்பெற்ற கொத்தர் மறுஆண்டில் மறைந்தார். சாவு தெருத்தெருவாக அலைந்த அந்நாள்களில்தான் ஆலயச் சுவர்களில் பொன்பூச்சும் ஓவியமும் ஏறின என்பதை நினைக்கும்போது வியப்பும் ஒருவித அச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன.

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிகின்றோம்? தொல்லியல் என்றதும் மண்வெட்டியும் குழியும் நினைவுக்கு வரும். இவ்வாலயத்தைப் பொறுத்தவரை தோண்டப்பெற்றது பெரும்பாலும் தோற்சுருள். அரசரின் கட்டடக் கணக்கர்கள் வாரந்தோறும் எழுதிய செலவுக் கணக்குகள் தோற்சுருள்களில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகின்றன. எந்தக் கொத்தருக்கு எத்தனை நாள் கூலி, எந்தக் குவாரியிலிருந்து கல், தங்கத்தகடு எத்தனை நூறு என்று அவை கூறிச் செல்கின்றன. 1350-களில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கு உருவம் வரைந்தவர்களுள் செஸ்டர் நகரத்து ஜான் தலைமையானவர். வண்ணம் தீட்டியோர்க்குத் தலைவர் செயின்ட் ஆல்பன்சு ஊரின் ஹியூ. ஓவியப் பணிக்கென மயில், அன்னம் ஆகியவற்றின் இறகுகள் வாங்கிய செலவும் அக்கணக்கில் உண்டு. மன்னரின் மெய்க்கீர்த்தியில் இத்தகைய செய்திக்கு இடமில்லை. கணக்கர் ஏட்டில்தான் உண்டு. 1292 முதல் 1396 வரையிலான இக்கணக்குகள் முழுமையும் 2020-இல் இரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறின. கல் அழிந்த பின்னும் கல்லுக்குக் கொடுத்த கூலி நிலைத்துவிட்டது.

அரசர்க்குரிய இவ்வாலயம் அரசவை ஆனதன்று. பொதுமக்கள் அவை ஆனது. எட்டாம் ஹென்றி வெஸ்ட்மின்ஸ்டரைவிட்டு வேறு அரண்மனைக்குக் குடிபெயர்ந்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டு காலத்துச் சமயச் சீர்திருத்தத்தில் இத்தகைய குருமார் கழகங்கள் கலைக்கப்பட்டன. 1548-இல் முடியப்பர் கழகமும் முடிந்தது. அதுவரை பொதுமக்கள் அவைக்கெனத் தனி இடம் இல்லை. அருகிலிருந்த துறவியர் மடத்தின் அறைகளில் கூடி வந்தது. வெறுமையாகிவிட்ட ஆலயம் அவ்வவைக்குக் கிடைத்தது.

குருமார் எதிரெதிராக இரு வரிசைகளில் அமர்ந்து மாறிமாறித் திருப்பாடல் ஓதிய இடத்தில், உறுப்பினர்கள் எதிரெதிராக அமர்ந்து மாறிமாறி வாதிட்டனர். பலிபீடப் படிகளின்மேல் சபாநாயகரின் நாற்காலி அமைந்தது. ஆலயத்தின் முன்கூடம் வாக்கெடுப்பின்போது உறுப்பினர் பிரிந்து செல்லும் கூடமாயிற்று. அவைக்குள் நுழைவோர் நாற்காலியை நோக்கித் தலைவணங்குவது பலிபீடத்தை வணங்கிய பழக்கத்தின் எச்சம் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. இத்தகைய மரபுச் செய்திகளை அப்படியே உண்மையெனக் கொள்ளுதல் கூடாது. வணக்கம் நாற்காலியில் அமர்ந்தவர்க்கே உரியதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இருக்கைகளின் அமைப்பை அவ்வாறு எளிதில் தள்ளிவிட இயலாது. நீண்டு குறுகிய ஓர் ஆலயத்தில் வேறு எவ்வாறும் அமர இயலாது என்பது கட்டடத்தைக் கண்ட எவர்க்கும் விளங்கும். ஆளுங்கட்சி ஒருபுறம், எதிர்க்கட்சி மறுபுறம் என்று பின்னாளில் அமைந்த ஒழுங்கிற்கு அக்குறுகிய அகலம் இடந்தந்தது எனல் மிகையாகாது.

அவை வளர வளர ஆலயம் தேய்ந்தது. 1692-இல் கட்டடக்கலை வல்லுநர் கிறிஸ்டோபர் ரென், மேல்சாளரப் பகுதியை நீக்கிக் கூரையைத் தாழ்த்தினார். உட்புறம் மரப்பலகை வேய்ந்து பக்கமாடங்களை அமைத்தார். ஓவியங்கள் பலகைக்குப் பின்னே மறைந்தன. அங்கே ஓவியம் இருந்தது என்பதையே காலப்போக்கில் எவரும் நினைக்கவில்லை.

அந்தப் பலகை அறையில்தான் நம் நாட்டின் தலைவிதியைப் பற்றிய வாதங்கள் நிகழ்ந்தன. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1785-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், எட்மண்ட் பர்க் எழுந்து ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்டதோர் உரை ஆற்றினார். நவாப் வாலாஜா முகம்மது அலி, சென்னைச் சேப்பாக்கத்தில் 1768-இல் மாளிகை எழுப்பியவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர்களிடமே பெருந்தொகைகளைக் கடும் வட்டிக்குக் கடனாகப் பெற்றவர். கடனை அடைக்க நாட்டின் நிலவரி ஈடாயிற்று. அஃதாவது, கடன் பெற்றவர் நவாப், அடைத்தவர் உழவர். கடன் மெய்யானதா என ஆராயாமலே அதனைக் கர்நாடகத்தின் வருவாயிலிருந்து செலுத்துமாறு அமைச்சரவை ஆணையிட்டதைப் பர்க் எதிர்த்தார். கடன் கொடுத்தோரின் பணத்தால் உறுப்பினரானோர் இவ்வவையிலேயே அமர்ந்துள்ளனர் என்றும் குற்றம் சாட்டினார். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் கர்நாடகம் பாழானதை எடுத்துரைத்தார். பழைய மன்னர்கள் வெட்டிய ஏரிகளையும், அவற்றை நம்பி வாழ்ந்த மக்களையும் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டு ஏரிகளைக் கண்ணால் கண்டிராத ஒருவர், ஆவணங்களைப் படித்தே அவற்றின் அருமையை உணர்ந்திருந்தார். அவை செவிசாய்க்கவில்லை, அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது. உரை அவ்வாண்டிலேயே நூலாக வெளிவந்தது.

பர்க்கின் நோக்கத்தில் கட்சி அரசியல் கலந்திருந்தது என்பார் உளர். ஐதர் அலியின் படையெடுப்பை அவர் தீட்டிய முறையும் முழுதும் நடுநிலையானதன்று. நவாபும் குற்றமற்றவர் அல்லர். இவை ஒருபுறம் இருக்க, அந்த அறையில் ஆற்காட்டு உழவர் சார்பில் பேச ஆற்காட்டார் ஒருவரும் இல்லை என்பதே என் நெஞ்சை உறுத்துவது. 1784-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும், கல்விக்கென ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஒதுக்கிய 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமும், 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமும் இதே நான்கு சுவர்களுக்குள் விவாதிக்கப்பட்டவையே.

பர்க் பேசிய நாளில் பலகைக்குப் பின்னே இருந்தது என்ன என்பது பதினைந்து ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. அயர்லாந்து இணைப்புச் சட்டத்தால் 1801-இலிருந்து நூறு உறுப்பினர்கள் புதிதாக வரவிருந்தனர். அவர்கட்கு இடம் வேண்டி ஜேம்சு வையட் என்னும் கட்டடக் கலைஞர் 1800-இல் சுவர்களின் உட்புறத்தைச் செதுக்கி மெலியச் செய்தார். பலகையைப் பெயர்த்ததும் பொன்னும் வண்ணமும் ஒளிர்ந்தன. சுவரின் கீழ்ப்பகுதியில் விவிலியக் காட்சிகள். கீழைச்சுவரில் மூன்றாம் எட்வர்டும் அவர் மைந்தரும் ஒருபால் முழந்தாளிட்டிருக்க, அரசி பிலிப்பாவும் மகளிரும் மறுபால் இருந்தனர்.

விவிலியக் காட்சிகளுள் குறிப்பிடத்தக்கது யோபுவின் வரலாறு. திருக்குர்ஆனில் ஐயூப் நபி (அலை) என்று நாம் அறியும் அதே பெருமகனார். செல்வமும் மக்களும் உடல்நலமும் ஒவ்வொன்றாக நீங்கியபோதும் பொறுமை நீங்காதவர். மக்கள் மாண்ட செய்தியைத் தூதர் வந்து அவர்க்கு உரைக்கும் காட்சி அச்சுவரில் தீட்டப்பட்டிருந்தது. கர்நாடகத்தின் அழிவுச் செய்தியைப் பர்க் உரைத்தபோது, சில அடி தொலைவில், பலகைக்குப் பின்னே, அந்தத் தூதரும் தம் செய்தியை உரைத்துக்கொண்டுதான் இருந்தார். இதனைத் தற்செயல் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல நான் விரும்பவில்லை. ஆயினும் சொல்லாமல் கடந்து செல்லவும் இயலவில்லை.

கண்டெடுக்கப்பட்ட ஓவியம் காக்கப்பட்டதா எனின், இல்லை. வேலை நிற்கவில்லை, நாடாளுமன்றம் கூடும் நாளுக்குள் இருக்கைகள் ஆயத்தமாதல் வேண்டும். ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஓவியர் விடியற்காலையில் வந்து, தொழிலாளர் வரும் வரையில் கிடைத்த நேரத்தில் படியெடுத்தார். ஏறத்தாழ ஆறு வாரங்கள் இவ்வாறு நிகழ்ந்தது. அவர் வரைந்து முடித்த பகுதியைக் கையோடு தொழிலாளர் இடித்தனர். தொல்பொருள் கழகத்தின் சார்பில் ரிச்சர்டு ஸ்மர்க் என்பவரும் படியெடுத்தார். ஸ்மித்தின் நூல் 1807-இல் வெளிவந்தது. அதற்குள் அவரும் அந்நூலின் பாடத்தை எழுதியவரும் பூசலிட்டுப் பிரிந்துவிட்டனர். ஆராய்ச்சியாளரின் பூசல் எல்லா நாட்டிற்கும் பொது போலும். சுவரிலிருந்து தப்பிய சில துண்டுகள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஐயூப் நபியின் வரலாறு அவற்றுள் ஒன்று. வண்ணம் இன்னும் மங்கவில்லை. உருவங்கள் முழுமையாக இல்லை.

எஞ்சிய ஆலயத்திற்கு முடிவு 1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வந்தது. பழங்காலத்தில் அரசுக் கருவூலத்தார் பற்றுச்சீட்டுக்கு மாற்றாகக் கீறலிட்ட மரக்குச்சிகளைப் பயன்படுத்தினர். ஒரு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வர். இரு பாதியும் பொருந்தினால் கணக்குச் சரி. 1826-இல் அம்முறை ஒழிந்தது. குவிந்து கிடந்த குச்சிகளை இரு வண்டியளவு எடுத்து, பிரபுக்கள் அவையின் கீழிருந்த வெப்ப அடுப்புகளில் அன்று நாள் முழுதும் எரித்தனர். ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருந்தால் குளிர்காலத்திற்கு உதவியிருக்கும். புகைபோக்கி மிகச் சூடாகி, மாலையில் தீ மேலெழுந்தது. இரவுக்குள் இரு அவைகளும் எரிந்தன. ஆற்றங்கரையில் திரண்ட கூட்டத்தில் ஓவியர் டர்னரும் இருந்தார்; அத்தீயை அவர் பின்னர் ஓவியமாக்கினார். பொதுமக்கள் அவையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பிரபுக்கள் அவையினுடையவை வேறொரு கற்கோபுரத்தில் இருந்தமையால் தப்பின.

தீயில் மரமும் பலகையும் போயின. ஆலயத்தின் கற்கூடு நின்றது. மூன்று நூற்றாண்டு மறைந்திருந்த தூண்களும் சாளர வளைவுகளும் சிறிதுகாலம் வானத்தின் கீழ் வெளிப்பட்டு நின்றன. ஓவியர்கள் ஓடிவந்து வரைந்தனர். ஆலயத்தை ஆலயமாக மக்கள் கண்டது அவ்விடைக்காலத்தில்தான். பின்னர்ப் புதிய மாளிகையை வகுத்த சார்லஸ் பாரி அதனை இடித்து, அதே அளவில், அதே இடத்தில், இன்றுள்ள மண்டபத்தை எழுப்பினார். கீழ்த்தளச் சிற்றாலயம் மட்டும் பழைய கல்லோடு எஞ்சி, பழுதுபார்க்கப்பட்டு இன்றும் வழிபாட்டுக்குப் பயன்படுகின்றது. வாக்குரிமை வேண்டிப் போராடிய எமிலி டேவிசன் என்னும் பெண்மணி, 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் ஒளிந்திருந்தது அங்குள்ள ஒரு சிற்றறையில்தான். தம் இருப்பிடம் பொதுமக்கள் அவை என்று பதிவாக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மகளிரைப் பற்றிய மற்றொரு செய்தியும் இவண் கூறத்தக்கது. 1778-இல் பார்வையாளர் மாடத்திலிருந்து விலக்கப்பட்ட மகளிர், பிற்காலத்தில் கூரைக்கும் தாழ்த்திய உட்கூரைக்கும் இடையிலிருந்த பரணில் ஏறினர். மெழுகுவிளக்கின் புகையும் வெப்பமும் வெளியேற அங்கே ஒரு துளை இருந்தது. அதனைச் சூழ்ந்து நின்று, புகைக்கிடையே கீழே நடப்பதைக் கேட்டனர். அவைக்கு மேலே, பழைய ஆலயத்தின் எஞ்சிய உயரத்தில், அவர்களுக்கு இடம் கிடைத்தது.

இன்று யார்க் பல்கலைக்கழக அறிஞர்கள் கணக்குச் சுருள், ஸ்மித்தின் படிகள், தீக்குப்பின் வரைந்த ஓவியங்கள், எஞ்சிய கற்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, அழிந்த ஆலயத்தையும் பின்வந்த அவையையும் கணினித் திரையில் மீட்டுருவாக்கியுள்ளனர். 1943-இல் குண்டுவீச்சால் அழிந்த அவையை எவ்வாறு மீண்டும் கட்டுவது என்னும் வினா எழுந்தபோது, அரைவட்ட வடிவம் வேண்டா, பழைய நீள்சதுரமே வேண்டும் என்று சர்ச்சில் வாதிட்டு வென்றார். 1950-இல் திறக்கப்பட்ட அவ்வவையின் நுழைவாயிற் கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் வழங்கிய கொடை. அவைக் காவலரின் நாற்காலி இலங்கையின் கொடை. ஆற்காட்டின் வழக்கை ஆற்காட்டாரின்றி விசாரித்த அவையின் வழித்தோன்றலுக்குக் கதவு கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர்.

அண்மையில் கிடைத்த சான்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. பழைய பெருமண்டபத்திலிருந்து அவைக்குச் செல்ல 1660-களில் வெட்டப்பட்டு, பின்னர் இருபுறமும் அடைக்கப்பட்ட ஒரு வழி பற்றிய குறிப்பை ஆய்வாளர்கள் பழைய வரைபடங்களுக்கிடையே கண்டனர். வரைபடத்தைக் கையில் கொண்டு சுவரை நோக்கியபோது, மரப்பலகையில் நெடுங்காலமாக எல்லோரும் மின்பெட்டி எனக் கருதிய இடத்தில் ஒரு சிறு பித்தளைச் சாவித்துளை இருந்தது. சாவி செய்வித்துத் திறந்தனர். உள்ளே சிற்றறை, கூரைமரத்தின் வளையங்களை எண்ணிக் காலங் கணித்தபோது 1659-இல் வெட்டிய மரம் எனத் தெரிந்தது. 1950-களில் பழுதுபார்த்தோர் பொருத்திவிட்டுச் சென்ற மின்விளக்கு ஒன்றும் அங்கே இருந்தது. விசையை அழுத்தினர், விளக்கு எரிந்தது.